உள்ளடுக்கு ஸ்டேட்களுக்கு நடுவே ரீடைரக்ட்: வாசலிலேயே வழி சொல்லி அனுப்புவது எப்படி

பத்தமடையில் பாய் நெய்து விற்கும் ஒரு குடும்பத்துக்கு ஆர்டர் கணக்கு பார்க்க ஒரு வெப் ஆப் செய்து கொடுத்தேன். கல்யாணப் பாய் என்றால் அங்கே மாப்பிள்ளை பெண் பெயரையும் சேர்த்தே நெய்வார்கள், அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக ஒரு பக்கம் வேண்டும். பெயரில் எழுத்து சரியா, கோரை இன்னும் தண்ணீரில் ஊறுகிறதா தறிக்கு வந்துவிட்டதா, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, பார்சல் போய்விட்டதா, எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். எழுதியது ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில், பக்கம் மாற்றுவதற்கு யூஐ-ரவுட்டர். அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஸ்டேட், ஒன்றுக்குள் ஒன்றாகப் பெற்றோர், பிள்ளை என்று அடுக்கலாம், ஒரு ஸ்டேட்டுக்கு வருகிறவரை இன்னொன்றுக்குத் திருப்பிவிடுவதுதான் ரீடைரக்ட். முதல் வாரமே கடைக்கார அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, வாட்ஸ்அப்புல வந்த லிங்க்க அமுக்குனா மேல கடைப் பேரு மட்டும் வருது. கீழ ஒண்ணுமே இல்ல, வெள்ளையா இருக்கு."

காரணம் உடனே புரிந்தது. அந்த லிங்க் ஆர்டர் எண் 47 என்ற பெற்றோர் ஸ்டேட்டுக்குப் போகிறது. பெற்றோருக்கு என்று சொந்தமாக ஒரு பக்கம் இல்லை, நெசவு, பணம், பார்சல் என்று மூன்று பிள்ளைகளில் ஒன்று வந்தால்தான் அதன் நடுவில் இருக்கும் யூஐ-வியூ என்ற காலி இடம் நிரம்பும். பிள்ளை எதுவும் வராததால் நடுப்பகுதி காலி.

பெற்றோரின் கண்ட்ரோலருக்குள் (ஸ்டேட் திறக்கும்போது ஓடும் கோடு) ஒரு வரி போட்டேன்: வந்ததும் $ஸ்டேட்.கோ, நெசவு பக்கத்துக்குப் போ. வெள்ளைப் பக்கம் போய்விட்டது. ஆனால் பணம் பக்கத்துக்கு நேராக அனுப்பிய லிங்க்கைத் திறந்தாலும் நெசவு பக்கமே வந்தது, ஏனென்றால் பிள்ளைக்குள் போவதற்கும் பெற்றோர் வழியாகத்தான் போக வேண்டும், அப்போதும் அந்தக் கண்ட்ரோலர் ஓடும், ஓடினால் நெசவுக்குத் தள்ளிவிடும். இன்னொன்று: நெசவு பக்கத்தில் இருந்துகொண்டு பின்செல்லும் பட்டனை அமுக்கினால் மறுபடி வெள்ளைப் பக்கம். பிள்ளையிலிருந்து பெற்றோருக்கு வரும்போது பெற்றோர் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது, அதன் கண்ட்ரோலர் இரண்டாம் முறை ஓடாது, ஆகவே தள்ளிவிட ஆள் இல்லை.

சரி என்று அந்த வரியைக் கண்ட்ரோலரிலிருந்து எடுத்து, ஆன்சக்சஸ் ஹூக்கில், அதாவது போய்ச் சேர்ந்ததும் ரவுட்டர் தானே அழைக்கும் இடத்தில் வைத்தேன். போய்ச் சேர்ந்த ஸ்டேட்டின் பெயர் பெற்றோருடையது என்றால் மட்டும் நெசவுக்குப் போ என்று நிபந்தனையும் சேர்த்தேன். இப்போது பணம் லிங்க் சரியாகத் திறந்தது. வெள்ளைப் பக்கமும் இல்லை. அண்ணாச்சியிடமிருந்து மறுபடி போன்: "தம்பி, பின்னாடி போற பட்டன அமுக்க அமுக்க அங்கனக்குள்ளயே நிக்கி."

அதுவும் உண்மைதான். பிரவுசர் வரலாற்றில் பட்டியல், ஆர்டர் 47, ஆர்டர் 47ன் நெசவு என்று மூன்று வரிசையாக ஏறியிருக்கின்றன. பின்னால் போனால் ஆர்டர் 47 வருகிறது, அது போய்ச் சேர்ந்ததும் ஹூக் மறுபடி நெசவுக்குத் தள்ளுகிறது. எத்தனை முறை அமுக்கினாலும் பட்டியலுக்குப் போக முடியாது.

இந்த மூன்று தவறுக்கும் வேர் ஒன்றுதான். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு "இது உன் இடமில்லை, எழுந்திரு" என்று சொல்கிறோம். ரீடைரக்ட்டை வாசலிலேயே, அதாவது டிரான்சிஷன் (ஸ்டேட்டிலிருந்து ஸ்டேட்டுக்குப் போகும் பயணம்) முடிவதற்கு முன்பே முடிவு செய்தால் இந்தச் சிக்கல் ஒன்றும் வராது. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2021 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது என்பது தெரியும். ஆனால் அதில் எழுதப்பட்டு இன்னும் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பராமரிக்கிறவர்களுக்கு இது இன்றைக்கும் தேவை. அதோடு இங்கே சொல்லும் சங்கதி ரியாக்ட், வியூ, புதிய ஆங்குலர் எல்லாவற்றுக்கும் பொருந்தும், கடைசியில் அதையும் பார்ப்போம். கீழே வருவதெல்லாம் யூஐ-ரவுட்டர் 1.0க்கு மேற்பட்ட பதிப்பை வைத்து எழுதியது. பெயர்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், உங்கள் கோடில் அதே உச்சரிப்புள்ள ஆங்கிலப் பெயராக இருக்கும். முக்கியமாக முகவரிக்குள் வரும் பாராமீட்டரின் (ஆர்டர் எண் போல மாறும் மதிப்பின்) பெயரில் தமிழ் எழுத்தை யூஐ-ரவுட்டர் ஏற்காது, அதை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும்.

படி 1: மரத்தைக் காகிதத்தில் வரையுங்கள்

கோடைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். என்னுடைய மரம் இது:

நுழைவு (முகவரி: /நுழைவு)
கடை (முகவரி இல்லை, தலைப்பட்டையும் மெனுவும் மட்டும்)
– கடை.பட்டியல் (/ஆர்டர்கள்)
– கடை.ஆர்டர் (/ஆர்டர்/:எண்)
– – கடை.ஆர்டர்.நெசவு (/நெசவு)
– – கடை.ஆர்டர்.பணம் (/பணம்)
– – கடை.ஆர்டர்.பார்சல் (/பார்சல்)

ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: ஒருவர் நேராக இங்கே வந்து நின்றால் அவர் கண்ணுக்கு என்ன தெரியும்? "ஒன்றும் தெரியாது" என்று பதில் வரும் ஸ்டேட்கள்தான் ரீடைரக்ட் வேண்டியவை. என் மரத்தில் கடை, கடை.ஆர்டர் இரண்டும் அப்படி.

இன்னொன்றும் இந்த மரத்தை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது எந்த ஸ்டேட்கள் மூடப்படும், எவை அப்படியே இருக்கும், எவை புதிதாகத் திறக்கும் என்பது. நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபம் உண்டு, 1647ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் வெளியே வந்து செருப்பை மாட்டி, ரத வீதியைச் சுற்றி, மறுபடி கழற்றிவிட்டா உள்ளே போகிறார்கள்? மண்டபத்தின் வழியே நடந்துவிடுகிறார்கள். வெளி மதில் இரண்டுக்கும் பொது. யூஐ-ரவுட்டரும் நெசவிலிருந்து பணத்துக்குப் போகும்போது அதைத்தான் செய்கிறது. நெசவு மூடும், பணம் திறக்கும், கடை, கடை.ஆர்டர் இரண்டும் திறந்தபடியே இருக்கும். திறந்தபடி இருப்பதன் கண்ட்ரோலர் மறுபடி ஓடாது, ரிசால்வ் (ஸ்டேட்டுக்காக முன்கூட்டியே எடுத்துவைக்கும் தகவல்) மறுபடி எடுக்கப்படாது.

இதில் ஒரு விதிவிலக்கை மறக்கவே கூடாது. ஆர்டர் 47ன் பணத்திலிருந்து ஆர்டர் 48ன் பணத்துக்குப் போனால் ஸ்டேட்டின் பெயர் அதேதான், ஆனால் எண் மாறிவிட்டது. பாராமீட்டர் மாறினால் அந்த ஸ்டேட்டும் அதற்குக் கீழே உள்ளதும் மூடி மறுபடி திறக்கும். அந்தப் பாராமீட்டரை டைனமிக் என்று அறிவித்திருந்தால் மட்டும் மூடாது. "சில நேரம் ரீடைரக்ட் ஆகிறது, சில நேரம் ஆகவில்லை" என்று யாராவது குழம்பி நின்றால் பெரும்பாலும் இந்த இடம்தான்: கண்ட்ரோலருக்குள் வைத்த ரீடைரக்ட், எண் மாறினால் ஓடும், எண் மாறாமல் பிள்ளையிலிருந்து திரும்பினால் ஓடாது.

படி 2: பெற்றோருக்கு இயல்பான பிள்ளையைச் சொல்லிவையுங்கள்

பெற்றோர் ஸ்டேட்டின் அறிவிப்பிலேயே ரீடைரக்ட்டூ என்று ஒரு பண்பு உண்டு. எளிய வடிவம் வெறும் பெயர்தான்:

பெயர்: 'கடை.ஆர்டர்',
முகவரி: '/ஆர்டர்/:எண்',
ரீடைரக்ட்டூ: 'கடை.ஆர்டர்.நெசவு'

இவ்வளவுதான். என் முந்தைய ஒட்டுவேலைகளை எல்லாம் அழித்துவிட்டு இந்த ஒரு வரியை வைத்தேன். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நம்பிக்கையோடு பயன்படுத்தலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரீடைரக்ட்டூ பார்க்கப்படுவது அந்த ஸ்டேட் பயணத்தின் கடைசி இலக்காக இருக்கும்போது மட்டும். பணம் பக்கத்துக்குப் போகும் வழியில் கடை.ஆர்டர் திறந்தாலும் அது இலக்கு இல்லை, வழிதான், ஆகவே அங்கே ரீடைரக்ட் நடக்காது. நேரடி லிங்க் கெடும் பிரச்சினை இதனால் தீர்கிறது. அடுத்தது, இது டிரான்சிஷன் தொடங்கும் கட்டத்தில், ஆன்ஸ்டார்ட்டில் ஓடுகிறது. பெற்றோர் புதிதாகத் திறக்கிறதா ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, அதனால் பிள்ளையிலிருந்து பெற்றோருக்குத் திரும்பினாலும் சரியாக வேலை செய்யும். மூன்றாவது, முகவரிப் பட்டை மாறுவது டிரான்சிஷன் வெற்றியாக முடிந்த பிறகுதான். வாசலிலேயே திருப்பிவிட்டதால் லிங்க்கை அமுக்கி வந்தவரின் வரலாற்றில் பெற்றோரின் முகவரி ஏறவே ஏறாது. முகவரியைத் தட்டியோ வாட்ஸ்அப் லிங்க் வழியாகவோ வந்திருந்தால் அந்த முகவரி ஏற்கெனவே பட்டையில் இருக்கும், அப்போது யூஐ-ரவுட்டர் தானே புதிய முகவரியைப் பழையதன் மேல் மாற்றி எழுதிவிடும், கூடுதலாக அடுக்காது. பின்செல்லும் பட்டன் மாட்டிக்கொள்வதற்கு வழியே இல்லை.

பெயரை மட்டும் கொடுத்தால் வந்த பாராமீட்டர்கள் அப்படியே கூடப் போகும், எண் 47 என்பது தொலையாது. ஸ்டேட், பாராம்ஸ் இரண்டையும் சேர்த்த ஆப்ஜெக்ட்டாகக் கொடுத்தால் நீங்கள் கொடுக்கும் பாராம்ஸ் பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே எண்ணையும் நீங்களே சேர்த்துக் கொடுங்கள்.

அப்ஸ்ட்ராக்ட்: ட்ரூ என்று போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க. அப்ஸ்ட்ராக்ட் ஸ்டேட்டை இலக்காக வைத்து யாரும் போக முடியாது, போனால் செல்லாத பயணம் என்று பிழை வரும். அந்தச் சோதனை ரீடைரக்ட்டூவுக்கு முன்பே நடந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே ஸ்டேட்டில் போட்டுவிட்டு ரீடைரக்ட் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், அப்ஸ்ட்ராக்ட் வரியை எடுத்துவிடுங்கள். பழைய கோடில் இன்னொரு வழக்கமும் பார்த்திருப்பீர்கள்: பெற்றோரை அப்ஸ்ட்ராக்ட் ஆக்கிவிட்டு, ஒரு பிள்ளைக்கு வெற்று முகவரி கொடுப்பது. முகவரி வழியாக வருகிறவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கோடில் பெற்றோரின் பெயரைச் சொல்லி லிங்க் கொடுத்தால் பிழை. என் மரத்தில் கடை என்ற மேல் ஸ்டேட்டுக்கு மட்டும் அப்ஸ்ட்ராக்ட் வைத்திருக்கிறேன், அதற்கு முகவரியும் இல்லை, அதன் பெயரைச் சொல்லி யாரும் போகப்போவதும் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ரீடைரக்ட்டூ.

படி 3: எந்தப் பிள்ளை என்பது தகவலைப் பொறுத்தது என்றால்

அண்ணாச்சி கேட்டது நியாயமானது: "நெசவு முடிஞ்ச ஆர்டரத் தொறந்தா பணப் பக்கம்லா வரணும்?" ஆமாம். ஆர்டரின் நிலையைப் பார்த்துப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த நிலை சர்வரில் இருக்கிறது.

ரீடைரக்ட்டூவுக்குப் பெயருக்குப் பதில் ஒரு ஃபங்ஷன் கொடுக்கலாம். அதற்கு டிரான்சிஷன் கைக்கு வரும். அதன் இன்ஜெக்டரிடம் கெட்அசிங்க் மூலம் பெற்றோரின் ரிசால்வைக் கேளுங்கள், என் கோடில் அதன் பெயர் ஆர்டர்தகவல். அது ஒரு பிராமிஸ், அதாவது தகவல் பிறகு வரும் என்ற வாக்கு, கொடுக்கும். தகவல் வந்ததும், நெசவு முடியவில்லை என்றால் நெசவின் பெயரையும், முடிந்து பாக்கி இருந்தால் பணத்தின் பெயரையும், பாக்கி தீர்ந்திருந்தால் பார்சலின் பெயரையும் திருப்பிக் கொடுங்கள். டிரான்சிஷன் அந்தப் பிராமிஸ் முடியும்வரை காத்திருக்கும்.

இங்கே எல்லோருக்கும் வரும் சந்தேகம்: ஒரு முறை தகவலை எடுத்து, ரீடைரக்ட் ஆகி, புதிய பயணத்தில் மறுபடி அதே தகவலை எடுக்குமா? எடுக்காது. பழைய பயணத்தில் பெற்றோர் மட்டத்தில் எடுத்து முடித்த ரிசால்வ், புதிய பயணத்திலும் அதே பெற்றோர் அதே பாராமீட்டரோடு இருந்தால் அப்படியே கைமாற்றித் தரப்படும். பத்தமடையில் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடும் இரண்டு கோடுமாக இருக்கும்போது ஒரு கோரிக்கை மிச்சமாவது பெரிய விஷயம். இதனால்தான் ஆர்டர்தகவலைப் பெற்றோரில் வைக்கச் சொல்கிறேன், பிள்ளை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுக்க வேண்டாம்.

அந்த ஆர்டரே ரத்தாகிவிட்டிருந்தால்? வேறு கிளைக்கு, கடை.பட்டியலுக்கு அனுப்புங்கள். பட்டியலுக்கு எண் தேவையில்லை, ஆனால் பெயரை மட்டும் கொடுத்தால் வந்தவர் ஏன் பட்டியலில் நிற்கிறோம் என்று விழிப்பார். ஆப்ஜெக்ட் வடிவத்தில், முகவரியில் தெரியாத ஒரு பாராமீட்டர் வைத்து, "இந்த ஆர்டர் ரத்தானது" என்ற செய்தியையும் கூட அனுப்பிவிடுங்கள். இடம் மாற்றிவிட்டு ஏன் என்று சொல்லாமல் விடுவதுதான் வாடிக்கையாளர்களை மிகவும் எரிச்சல்படுத்துகிறது.

ரீடைரக்ட்டுக்குள் பெயர் எழுதும்போது முழுப் பெயரையே எழுதுங்கள். '^.பணம்' என்றால் உடன்பிறந்த பணம், '.பணம்' என்றால் பிள்ளையான பணம் என்று சுருக்க வடிவங்கள் உண்டு, டெம்ப்ளேட்டில் லிங்க் போட அவை வசதிதான். ஆனால் டிரான்சிஷன் நடக்கும்போது $ஸ்டேட்.கரண்ட் இன்னும் பழைய இடத்தையே காட்டும், சுருக்கப் பெயர் எந்த இடத்திலிருந்து கணக்கிடப்படும் என்று யோசித்து யோசித்துத் தவறு செய்வதற்கு முழுப் பெயர் நீளமாக இருப்பது பரவாயில்லை.

படி 4: நுழைவுச் சோதனை

லாகின் செய்யாதவரை நுழைவு பக்கத்துக்கு அனுப்புவது தனி ஒரு ஸ்டேட்டின் வேலை இல்லை, முழுக் கிளைக்கும் பொதுவானது. ஆகவே அதை ஹூக்கில் வையுங்கள், $டிரான்சிஷன்ஸ்.ஆன்பிஃபோர். ஏன் ஆன்ஸ்டார்ட் வேண்டாம் என்றால், காத்திருக்காமல் எடுக்கப்படும் ரிசால்வ்கள் அந்தக் கட்டத்தில் தொடங்கிவிடும். லாகின் இல்லாதவருக்காக சர்வரிடம் தகவல் கேட்டு 401 (அனுமதி இல்லை என்ற பதில்) வாங்குவானேன். ஆன்பிஃபோர் அதற்கும் முன்னால்.

கடை ஸ்டேட்டின் டேட்டாவில் நுழைவுதேவை: ட்ரூ என்று வைத்தால் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் அது வந்துவிடும். ஹூக்கின் நிபந்தனையில் டூ என்பதற்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்து, போகும் ஸ்டேட்டின் டேட்டாவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். என்டரிங் என்ற நிபந்தனையையும் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் கடைக்குள் ஏற்கெனவே இருப்பவர் பட்டியலிலிருந்து ஆர்டருக்குப் போகும்போது கடை புதிதாகத் திறப்பதில்லை, இடையில் அவர் லாகின் காலாவதியாகியிருந்தால் ஹூக் கவனிக்காமல் விட்டுவிடும்.

ஹூக்குக்குள் $ஸ்டேட்.கோ எழுதாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதுபோல் தெரியும். $ஸ்டேட்.கோ ஒரு புதிய பயணத்தைத் தொடங்கும், பழைய பயணம் பாதியில் ஓரங்கட்டப்படும், இரண்டுக்கும் தொடர்பில்லை, கன்சோலில் காரணம் புரியாத பிழைகள் வந்துகொண்டிருக்கும். அதற்குப் பதிலாக $ஸ்டேட்.டார்கெட் என்பதைத் திருப்பிக் கொடுங்கள், ரிட்டர்ன் $ஸ்டேட்.டார்கெட்('நுழைவு') என்று. அப்போதுதான் யூஐ-ரவுட்டர் இதை ரீடைரக்ட் என்று புரிந்துகொண்டு, எங்கே போக நினைத்தவர் எங்கே அனுப்பப்பட்டார் என்ற தொடர்பை வைத்துக்கொள்ளும்.

அந்தத் தொடர்பு உடனே பயன்படும். நுழைவு ஸ்டேட்டில் டிரான்சிஷனிடம் ரீடைரக்டட்ஃபிரம் என்று கேட்டால் முந்தைய பயணம் கிடைக்கும், அதன் டார்கெட்ஸ்டேட்தான் அவர் முதலில் போக நினைத்த இடம். லாகின் முடிந்ததும் பாராமீட்டரோடு அங்கேயே அனுப்பிவிடலாம். ஆனால் நுழைவுப் பக்கத்தில் இருக்கும்போது அவர் பக்கத்தைப் புதுப்பித்துவிட்டால் அந்த நினைவு போய்விடும். போனில் ஓடிபி பார்க்க மெசேஜ் ஆப்புக்குப் போய்த் திரும்பினால் பிரவுசர் சில நேரம் தானே பக்கத்தைப் புதிதாக ஏற்றிவிடும், ஆகவே பிரவுசரே தற்காலிகமாக வைத்திருக்கும் செஷன்ஸ்டோரேஜில் ஸ்டேட் பெயரையும் பாராமீட்டரையும் எழுதி வையுங்கள். முகவரியிலேயே திரும்பும் இடத்தைச் சேர்ப்பதானால் முழு யூஆர்எல்லை ஏற்காதீர்கள். உங்கள் ஆப்பில் இருக்கும் ஸ்டேட்டின் பெயர்தானா என்று சரிபார்த்த பிறகே அனுப்புங்கள், இல்லையென்றால் யாரோ ஒருவர் உங்கள் லாகின் பக்கத்தின் வழியே மக்களை வேறு தளத்துக்குக் கடத்தலாம்.

படி 5: சுற்றிச் சுற்றி வருவதைத் தடுப்பது

ஹூக் நுழைவுக்கு அனுப்புகிறது, நுழைவும் லாகின் வேண்டும் என்கிறது, மறுபடி நுழைவுக்கு. யூஐ-ரவுட்டர் தொடர்ந்து 20 ரீடைரக்ட்டுக்கு மேல் போனால் நிறுத்திப் பிழை காட்டும். அந்த 20 என்ற எண் வந்த பிழையைக் கண்டால் மரத்தை எடுங்கள். ஒவ்வொரு ரீடைரக்ட்டுக்கும் ஓர் அம்பு வரையுங்கள், ஹூக் அனுப்புவதற்கும் சேர்த்து. அம்புகள் எங்கேயாவது வட்டமாகச் சேர்ந்தால் அதுதான் இடம். நுழைவு ஸ்டேட் கடைக்கு வெளியே தனியாக நிற்பதற்குக் காரணமே இதுதான், கடையின் டேட்டா அதற்கு வராது.

வட்டம் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. பணம் பக்கத்தில் ஒரு சோதனை: நெசவு முடியவில்லை என்றால் பெற்றோருக்கு அனுப்பு. பெற்றோரின் ரீடைரக்ட்டூ: முன்பணம் இல்லையென்றால் பணத்துக்கு அனுப்பு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. நெசவும் முடியாத முன்பணமும் வராத புது ஆர்டர் ஒன்று வந்ததும் சுற்றத் தொடங்கும். பிள்ளை பெற்றோருக்குத் திருப்பி அனுப்புவதை நான் இப்போது எழுதுவதே இல்லை. முடிவெடுக்கும் ஃபங்ஷன் ஒன்றுதான், அதைப் பெற்றோரும் பிள்ளையும் அழைத்துக் கேட்கலாம், பதிலாக வருவது எப்போதும் ஒரு பிள்ளையின் பெயர்.

படி 6: முகவரி விதிகள் எதற்கு

$யூஆர்எல்ரவுட்டர்புரொவைடரின் வென், அதர்வைஸ் இரண்டும் முகவரியை மட்டும் பார்ப்பவை. முன்பு /பில்/47 என்றிருந்த முகவரியை இப்போது /ஆர்டர்/47/பணம் என்று மாற்றிவிட்டீர்கள், பழைய லிங்க்குகள் வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்பில் கிடக்கின்றன என்றால் வென் சரியான கருவி. பெற்றோரின் இயல்பான பிள்ளையைச் சொல்ல அதைப் பயன்படுத்த வேண்டாம், ஸ்டேட் பெயரைச் சொல்லி வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆப்பில் ஹெச்டிஎம்எல்5 முகவரி முறை (# இல்லாத முகவரி) வைத்திருந்தால், எந்த முகவரியைக் கேட்டாலும் அதே முதல் பக்கத்தைக் கொடுக்கும்படி சர்வரை அமைத்திருக்க வேண்டும். புதுப்பித்தால் 404 வருவது அதனால்தான், ரீடைரக்ட்டில் தேடாதீர்கள். நிலையைப் பொறுத்து மாறும் திசைதிருப்பலுக்கு சர்வரில் 301 (நிரந்தரத் திசைதிருப்பல்) போடவே போடாதீர்கள், பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு நாளைக்கும் பழைய இடத்துக்கே போகும்.

1.0க்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்களுக்கு ரீடைரக்ட்டூ கிடையாது. $ஸ்டேட்சேஞ்ச்ஸ்டார்ட் நிகழ்வைப் பிடித்து, பிரிவென்ட்டிஃபால்ட் அழைத்து, பிறகு $ஸ்டேட்.கோ. பிரிவென்ட்டிஃபால்ட்டை விட்டுவிட்டால் இரண்டு பயணமும் போட்டி போடும். 1.0க்கு மாறும்போது இந்த நிகழ்வுகள் தானாக வராது என்பதையும் நினைவில் வையுங்கள், பழைய சோதனைகள் ஓடாமல் போனாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. லாகின் சோதனை அதில் இருந்தால் கதவு திறந்தே கிடக்கும்.

மற்ற ரவுட்டர்களில்

ரியாக்ட் ரவுட்டரில் பெற்றோருக்குக் கீழே ஓர் இன்டெக்ஸ் ரூட் வைத்து, அதன் லோடரிலிருந்து, அதாவது பக்கத்துக்குத் தகவல் எடுக்கும் ஃபங்ஷனிலிருந்து, ரீடைரக்ட் திருப்பிக் கொடுங்கள் (6.4 முதல் உண்டு). பெற்றோரின் லோடரில் வைத்தால் பிள்ளைக்குப் போகும்போதும் அது ஓடும், நான் கண்ட்ரோலரில் செய்த அதே தவறு, இங்கே சுற்றவும் செய்யும். நேவிகேட் காம்பொனென்ட்டைப் பயன்படுத்தினால் ரீப்ளேஸ் சேர்க்க மறக்காதீர்கள். புதிய ஆங்குலரில் வெற்றுப் பாதையுள்ள பிள்ளைக்கு ரீடைரக்ட்டூவும், கூடவே பாத்மேட்ச்: ஃபுல் என்பதும். வெற்றுப் பாதை எல்லா முகவரிக்கும் முன்னொட்டாகப் பொருந்திவிடும் என்பதால் ஃபுல் இல்லாமல் விடக் கூடாது. கார்டுகளில் (நுழைவுச் சோதனை ஃபங்ஷன்களில்) நேவிகேட் அழைத்து ஃபால்ஸ் கொடுப்பதைவிட யூஆர்எல்ட்ரீயைத் திருப்பிக் கொடுங்கள், 7.1 முதல் அது முடியும். வியூ ரவுட்டரில் பெற்றோர் ரூட்டிலேயே ரீடைரக்ட் வைக்கலாம், அதுவும் இலக்காக இருக்கும்போது மட்டுமே ஓடும். ஆனால் திருப்பிவிடும் ரூட்டின் கார்டு ஓடாது, போய்ச் சேரும் ரூட்டின் கார்டுதான் ஓடும், சோதனையை அங்கே வையுங்கள்.

படி 7: சோதித்துப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் லிங்க்கை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதீர்கள், நான் அப்படி விட்டுத்தான் மூன்று போன் வாங்கினேன். ஒவ்வொரு பெற்றோர் ஸ்டேட்டுக்கும் ஐந்து விதமாக வந்து பாருங்கள். முகவரியைத் தட்டி வருவது. பட்டியலிலிருந்து லிங்க்கை அமுக்கி வருவது. பிள்ளையிலிருந்து பெற்றோர் பெயரை அமுக்கித் திரும்புவது. பின்செல்லும் பட்டனில் வருவது. 47ல் இருந்துகொண்டு 48க்குப் போவது. ஒவ்வொன்றையும் லாகின் செய்தும் செய்யாமலும்.

நடப்பது புரியவில்லை என்றால் $ட்ரேஸ்.எனேபிள் என்பதில் 'டிரான்சிஷன்' என்று கொடுத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் எண் போட்டு எங்கிருந்து எங்கே, எது திருப்பிவிடப்பட்டது என்று கன்சோலில் வரிசையாக எழுதும். பயணம் 3 தொடங்கி, அது திருப்பிவிடப்பட்டு, பயணம் 4 வெற்றியாக முடிந்தால் எல்லாம் சரி. பயணம் 3 வெற்றியாக முடிந்து, அதன் பிறகு 4 தொடங்கினால் இன்னும் எங்கேயோ ஒரு $ஸ்டேட்.கோ கண்ட்ரோலருக்குள் உட்கார்ந்திருக்கிறது, தேடி எடுங்கள்.